பெப்பர் ஆடம்ஸ்: கனம் குறையாமல் ஓடும் பாரிடோன்

ஜாஸ் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ‘ப்ளூஸ் அண்ட் ரூட்ஸ்’ ஆல்பத்தில் ‘மோனின்’ என்றொரு உருப்படி இருக்கிறது. தொடக்கத்தில் டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, பாஸ்கூடக் கிடையாது. ஒரு பாரிடோன் சாக்ஸஃபோன் மட்டும் தனியாக நின்று ஒரு சின்னச் சொற்கட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. ஒவ்வொரு சுரத்தின் ஓரத்திலும் ஒரு கரகரப்பு, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி. பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் யார் எதை வாசிக்கிறார் என்று பிரிக்க முடியாத திருவிழாக் கூட்டமாகிவிடுகிறது. 1959 பிப்ரவரி 4 அன்று பதிவானது. வாசித்தவர்கள் ஒன்பது பேர். அந்த முதல் கரகரப்புக்குச் சொந்தக்காரர் பெப்பர் ஆடம்ஸ்.

அந்தச் சொற்கட்டு இன்று பலருக்குத் தெரியும். வாசித்தவர் பெயர் தெரியாது. தேடும்போது மூன்று குழப்பங்கள் வரும், முதலிலேயே சொல்லிவிடலாம். ‘மோனின்’ என்று தேடினால் ஆர்ட் பிளேக்கி குழு வாசித்த வேறொரு ‘மோனின்’ வந்து நிற்கும். அது பியானோக்காரர் பாபி டிம்மன்ஸ் எழுதியது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிங்கஸின் பெயரைச் சேர்த்துத் தேடினால், மிங்கஸ் காலமான பின் உருவான மிங்கஸ் பிக் பேண்ட் 1990களில் செய்த பதிவு முந்திக்கொள்ளும். அதில் பாரிடோன் ரானி கியூபர். அதுவும் பிரமாதமான வாசிப்புதான், ஆனால் ஆள் வேறு. ‘பெப்பர்’ என்று மட்டும் தட்டினால் ஆர்ட் பெப்பர் வருவார். அவர் ஆல்டோ சாக்ஸஃபோன்காரர்.

இன்னொன்று, இவரைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீர்கள். பாரிடோனின் வழக்கமான வீச்சு, அடியில் பி-ஃப்ளாட் வரை போகும் கருவியில், சுமார் 69 ஹெர்ட்ஸில் தொடங்கி 415 ஹெர்ட்ஸில் முடிகிறது. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேல் நுனியில் உள்ள சில சுரங்களை விட்டால் மற்ற எல்லாவற்றின் அடிப்படை அதிர்வும் காணாமல் போய், மேலே கிளைக்கும் துணையதிர்வுகள் மட்டும் காதுக்கு வரும். விட்டுப்போன அடியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்பதால் சுரம் எதுவென்று தெரியும், கனம் தெரியாது. ஆடம்ஸின் துணையதிர்வுகள் ஏற்கெனவே கூரானவை. அடி இல்லாமல் கேட்டால் அவர் வெறும் தேனீப் பெட்டியாகத்தான் கேட்பார். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

நம் காதுக்குப் பழகிய சாக்ஸஃபோன் கத்ரி கோபால்நாத் வாசித்த ஆல்டோ. பாரிடோன் அதே ஈ-ஃப்ளாட் குடும்பம், சரியாக ஒரு ஸ்தாயி கீழே. விரல் பிடிப்பு ஒன்றேதான், ஆனால் குழாயின் நீளம் ஏழெட்டு அடி. அதை நேராக விட்டால் யாரும் தூக்க முடியாது என்பதால் தலைப்பக்கத்தில் ஒரு வளையமாகச் சுருட்டியிருப்பார்கள். எடை 5 கிலோவுக்கு மேல். ஆல்டோவுக்குப் போதுமான கழுத்துப் பட்டை இதற்குப் போதாது. ஒரு மணி நேரத்தில் பிடரி கழன்றுவிடும்.

எடையாவது பரவாயில்லை, பட்டையை மாற்றிச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் நேரம். 69 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரே ஒரு அதிர்வுக்கு 14 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஆல்டோவில் அதே விரல் பிடிப்புக்கு அதில் பாதி. ரீட் (வாயில் அதிரும் மெல்லிய நாணல் தகடு) எழுந்து, காற்றுத்தூண் அதிர்ந்து, சுரம் நிலைபெறச் சில சுற்றுகள் வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 280 அடி என்று ஓடும் பீபாப் (வேகமான ஜாஸ் பாணி) காலப்பிரமாணத்தில் ஓர் அடிக்கு இரண்டு சுரம் என்றால், ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 107 மில்லி விநாடி. அடிமட்டச் சுரம் அதற்குள் ஏழு முறைதான் அதிர முடியும். நிலைபெறுவதற்குள் அடுத்த சுரத்துக்கு ஓட வேண்டும். அதனால்தான் வேகத்தில் பாரிடோன்காரர்கள் பலர் அரைக்கால் அடி பின்தங்கியவர்களாகக் கேட்பார்கள். தப்பு கருவியின் மீதில்லை. சுரம் எப்போது காதில் விழ வேண்டுமோ அதற்கு ஒரு நூல் முன்னதாக நாக்கு ரீடை விட்டாக வேண்டும். அது பழக வருஷங்கள் பிடிக்கும்.

இந்தச் சிக்கலைச் சமாளிக்க ஒரு நல்ல வழியை இன்னொரு பாரிடோன்காரரான ஜெரி மல்லிகன் கண்டார்: கனத்தைக் குறைப்பது. மெல்லிய ஒலி, மேல் ஸ்தாயியில் அதிக நடமாட்டம், மிதமான வேகம், பியானோவே இல்லாத நால்வர் குழு. 1952-இல் டிரம்பெட் கலைஞர் செட் பேக்கருடன் அவர் வாசித்தவை இன்றும் அழகு. அவர்தான் பாரிடோனின் முகம் என்று பத்திரிகை வாக்கெடுப்புகள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. ஆடம்ஸ் பிடித்தது எதிர்த்திசை. எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்காமல் அதே வேகத்தில் ஓடினார். இதில் இடர் அதிகம், முதல் கேட்பில் இனிமை குறைவு. அவரை ஒதுக்கியவர்கள் பெரும்பாலும் அந்த முதல் கேட்போடு நின்றவர்கள்.

வாழ்க்கை விவரம் சுருக்கமாக. பிறந்தது 1930 அக்டோபர் 8, மிச்சிகனில் ஹைலேண்ட் பார்க். சிறுவயது நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில். பதினாறு வயது வாக்கில் டெட்ராய்ட் பக்கம் திரும்பினார். அங்கே கிரின்னல்ஸ் என்ற இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது பாரிடோன் கைக்கு வந்தது. முதல் கருவி பண்டி பிராண்ட், பிறகு செல்மர். அன்றைய டெட்ராய்டில் அவர் வயதொத்தவர்கள் யார் யார் என்று பாருங்கள்: பாரி ஹாரிஸ், டாமி ஃப்ளனகன், கென்னி பர்ரல், டொனால்ட் பேர்ட், எல்வின் ஜோன்ஸ். எல்வினின் அண்ணன் தாட் ஜோன்ஸ் கொஞ்சம் மூத்தவர். 1951 முதல் 1953 வரை ராணுவம், அதில் கொரியாவும் உண்டு. 1956-இல் நியூயார்க். அதே ஆண்டு ஸ்டான் கென்டன் இசைக்குழுவில் சேர்ந்தபோது சக கலைஞர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கத்தி’. ஆளைப் பார்த்தால் மெலிந்த, கண்ணாடி போட்ட, அமைதியான நூலகர் மாதிரி இருப்பார். எழுந்து வாசித்தால் வெட்டு.

ஆடம்ஸின் ஒலிக்கு மூலம் பாரிடோன்காரர் ஹாரி கார்னி. ட்யூக் எலிங்டன் குழுவில் 1927-இல், பதினேழு வயதில் சேர்ந்து 1974 வரை அந்த நாற்காலியை விடாதவர். பாரிடோனை ஒரு தனி வாத்தியமாக நிறுத்தியதே அவர்தான் எனலாம். அந்த அகலத்தை ஆடம்ஸ் எடுத்துக்கொண்டார். வாக்கியம் அமைக்கும் முறையோ சார்லி பார்க்கரிடமிருந்தும் டெனர் சாக்ஸஃபோன்காரர் வார்டெல் கிரேயிடமிருந்தும் வந்தது. கார்னி காலமான நாள் 1974 அக்டோபர் 8. ஆடம்ஸுக்கு அன்று 44-ஆம் பிறந்த நாள்.

ஆடம்ஸின் ஒலி வேறு என்பதை வார்த்தையில் விளக்குவதைவிட ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 1957 ஏப்ரல் 20 அன்று பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காகப் பதிவான ‘டக்கார்’ ஆல்பம் ஜான் கோல்ட்ரேன் பெயரில் பின்னால் வெளிவந்தது. அதில் கோல்ட்ரேனின் டெனரோடு இரண்டு பாரிடோன்கள்: செசில் பெய்ன், பெப்பர் ஆடம்ஸ். ஒரே அறை, ஒரே நாள், ஒரே மைக் ஏற்பாடு. ஆகவே ஒலியில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் மனிதர்களுடையது. பெய்ன் உருண்டையாக, முனை மழுங்கி, கொஞ்சம் சோம்பலான அழகோடு வருவார்; சுரத்தின் தொடக்கத்தில் காற்று தெரியும். ஆடம்ஸின் சுரம் முதல் நொடியிலேயே முழு அளவில் இருக்கும், ஓரம் கூராக இருக்கும், வாக்கியத்தின் நடுவில் திடீரென இரட்டை வேகத்துக்குத் தாவும். முதல் தடவை இரண்டு பேரும் ஒன்றுபோல்தான் கேட்கும். மூன்றாவது தடவை ஆள் மாறும் இடம் கை வைத்துக் காட்டலாம். செசில் பெய்னும் போதுமான பெயர் கிடைக்காதவர்தான், அது தனிப் பதிவுக்கான விஷயம்.

வேகத்துக்கு டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ‘தி குக்கர்’. அதே 1957, செப்டம்பர், ப்ளூ நோட் நிறுவனம். மார்கனுக்கு அப்போது வயது 19. ‘ஜஸ்ட் ஒன் ஆஃப் தோஸ் திங்ஸ்’ உருப்படியைத் தலைதெறிக்க எடுக்கிறார்கள். மேலே போட்ட மில்லி விநாடிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஆடம்ஸின் தனி ஆவர்த்தனத்தைக் கேளுங்கள். ஃபில்லி ஜோ ஜோன்ஸின் சிம்பலுக்கு மேல் சுரம் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். மேலே ஓடுவதை எல்லாரும் செய்வார்கள். அடி ஸ்தாயிக்கு இறங்கும்போது பிருகா குழைந்து போகாமல் மணிமணியாக நிற்கிறதா என்பதுதான் பாரிடோனில் தேர்வு. இதே 1957-இல் பதிவான அவருடைய ஆல்பம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் ‘தி கூல் சவுண்ட் ஆஃப் பெப்பர் ஆடம்ஸ்’ என்று பெயர் வைத்தது. அப்போது ‘கூல்’ என்ற மென்மையான ஜாஸ் பாணி விற்றது, வைத்தார்கள். உள்ளே குளிர்ச்சி எதுவும் கிடையாது.

ஒரே ஒரு தட்டு வாங்குகிறவர்களுக்கு ‘10 டு 4 அட் தி 5 ஸ்பாட்’. 1958 ஏப்ரல் 15, நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் நேரடிப் பதிவு. டொனால்ட் பேர்ட் டிரம்பெட், பாபி டிம்மன்ஸ் பியானோ, டக் வாட்கின்ஸ் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். டிம்மன்ஸைத் தவிர மற்றவர்கள் எல்லாம் டெட்ராய்ட் பக்கத்து ஆட்கள். ‘ஹேஸ்டிங்ஸ் ஸ்ட்ரீட் பௌன்ஸ்’ என்ற உருப்படியில் வரும் தெரு டெட்ராய்டில் கறுப்பின மக்களின் கடைத்தெருவாகவும் இசைத்தெருவாகவும் இருந்தது. நெடுஞ்சாலை போடுவதற்காக இடிக்கப்பட்டது. கிளப் பியானோவின் சுருதி மோசம், அதை மறைக்க வழியில்லை. பியானோ தனியாக வரும் இடங்களில் பல் கூசும். ஆனால் அதே காரணத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது: பின்னணி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆடம்ஸின் சுருதி அசைவதில்லை. பாரிடோனில் இது எளிதல்ல. மேல் சுரங்கள் ஏறிக்கொள்ளும், அடிச் சுரங்கள் இறங்கிக்கொள்ளும், உதட்டால் ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்த வேண்டும்.

பேர்டும் ஆடம்ஸும் சேர்ந்து 1958 முதல் 1961 வரை ஐவர் குழு நடத்தினார்கள். ‘ஆஃப் டு தி ரேசஸ்’, ‘பேர்ட் இன் ஹேண்ட்’, ‘அட் தி ஹாஃப் நோட் கஃபே’, ‘தி கேட் வாக்’, ‘ராயல் ஃப்ளஷ்’ எல்லாமே பேர்ட் பெயரில்தான் வந்தன. ‘ராயல் ஃப்ளஷ்’ பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் முதல் ப்ளூ நோட் பதிவு என்பதால் அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. வந்த இடத்தில் பாரிடோனையும் கேட்டுவிட்டுப் போகலாம். டிரம்பெட்டும் பாரிடோனும் சேர்ந்து வாசிக்கும்போது இடையில் பெரிய வெற்றிடம் இருக்கும், டெனர் இருந்தால் நிரம்பும் இடம். அந்த வெற்றிடம்தான் இந்தக் குழுவின் அழகு.

வாக்கியம் எப்படிக் கட்டுகிறார் என்பதற்கு ஒரு துப்பு. அவருக்குப் பிடித்த ஓர் ஏணி எட்டுச் சுரம் கொண்டது. அரை சுரம், முழு சுரம், அரை, முழு என்று மாறி மாறி ஏறும். நம் கணக்கில் எழுதினால் ச, ரி1, க2, க3, ம2, ப, த2, நி2. இரண்டு காந்தாரமும் ஒன்றாக நிற்பதால் நமக்கு இது ராகமாகத் தோன்றாது. ஜாஸில் இதன் வசதி வேறு: எந்தச் சொற்கட்டை எடுத்தாலும் அதை மூன்று அரை சுரம் தள்ளி அப்படியே வாசிக்கலாம், ஏணியை விட்டு வெளியே போகாது. ஆடம்ஸ் ஒரு சின்னக் கட்டை எடுத்து இப்படி மூன்று நான்கு படி ஏற்றி, கேட்பவர் தரை எங்கே என்று தேடும்போது சட்டென்று ப்ளூஸில் கால் வைப்பார். இடையில் சம்பந்தமே இல்லாத வேறொரு பாட்டின் ஒரு வரியை முகத்தில் சிரிப்பில்லாமல் நுழைத்துவிடுவார். அந்த நகைச்சுவை பிடிபட்டால் மனிதரே வேறாகத் தெரிவார்.

வாசிக்கிறவர்களுக்கும் கொஞ்சம். அவர் வைத்திருந்தது பெர்க் லார்சன் உலோக மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி). அதன் மேல் 110/1 மாதிரி எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில். 110 என்றால் சுமார் 2.8 மில்லிமீட்டர். இரண்டாவது எண் உள்ளறை: 0 என்றால் பளீர், 3 என்றால் மந்தம். அவரைக் கேட்டுவிட்டு நேராக 0 அறை வாங்குவதுதான் வழக்கமான தப்பு. பளீர் கிடைக்கும், ஆனால் அடி ஸ்தாயி பிளந்துகொண்டு ஒரு ஸ்தாயி மேலே தாவும். அதை அடக்க ரீடை மென்மையாக்கினால் மேல் சுரங்களில் ரீட் ஒட்டிக்கொண்டு மூச்சே போகாது. அவருடைய கூர்மை பாதி உலோகத்தில் இருந்தது என்றால் மீதி, வயிற்றிலிருந்து வந்த காற்று குறையவே இல்லை என்பதில் இருந்தது. 1 அல்லது 2 அறை, நடுத்தர ரீட், மேலே கார்னி மாதிரி நீண்ட சுரம் பிடிக்கும் சாதகம். அங்கிருந்து தொடங்கினால் போதும்.

அடிச் சுரம் கடகடவென்று நடுங்கினால் உடனே மவுத்பீஸைக் குறை சொல்லாதீர்கள். முதலில் தலை வளையத்தில் தேங்கிய நீரை வடியுங்கள். பல கருவிகளில் அதற்கென்றே ஒரு திறப்பு உண்டு. பிறகும் நடுக்கம் இருந்தால் எங்கோ பேட் (துளையை மூடும் மெத்தை) சரியாக மூடவில்லை. மெல்லிய காகிதத் துண்டைப் பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே கசிவு. ஜி-ஷார்ப், அடி பி, அடி பி-ஃப்ளாட் பேடுகள் வழக்கமான குற்றவாளிகள். பதிவு செய்யும்போது மைக்கைக் கருவியின் மணி போன்ற விரிந்த வாய்க்குள் நீட்டுவது இன்னொரு தப்பு. பெரும்பாலான சுரங்கள் உடலிலுள்ள துளைகள் வழியாகத்தான் வெளிவருகின்றன. வாய்க்கு நேராக வைத்தால் அடிச் சுரம் இரண்டு மூன்று மட்டும் இடிக்கும், மற்றவை பக்கத்து அறையில் கேட்கும். இரண்டு மூன்று அடி தள்ளி, கருவியின் நடு உயரத்தில் வையுங்கள்.

சரி, இத்தனை இருந்தும் ஏன் பெயர் வரவில்லை? மல்லிகனின் நிழல் ஒரு காரணம். பெரிய காரணம் 1966 முதல் 1977 வரை. தாட் ஜோன்ஸ்–மெல் லூயிஸ் இசைக்குழு 1966 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் முதல் திங்கள்கிழமைக் கச்சேரி செய்தது. அந்த ஆண்டிலிருந்தே ஆடம்ஸ் அதில் இருந்தார். சாக்ஸ் வரிசையின் ஓரத்து நாற்காலி. குழுவின் அடித்தளமே அவர்தான், ஆனால் அடித்தளத்தை யார் நின்று பார்க்கிறார்கள்? பதினேழு பதினெட்டு பேர் கொண்ட குழுவில் தனி வாசிப்புக்கு முறை எப்போதாவது வரும். சொந்தப் பெயரில் ஆல்பங்கள் வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தன; பெரும்பாலும் சின்ன நிறுவனங்களில் வெளியாகி, கடையில் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அந்தக் காலத்தின் தலைசிறந்த பதிவு ‘என்கவுன்டர்!’, 1968 டிசம்பர். கூட ஸூட் சிம்ஸ் டெனர், டாமி ஃப்ளனகன், ரான் கார்ட்டர், எல்வின் ஜோன்ஸ். ஜோ ஹென்டர்சனின் இரண்டு உருப்படிகள் உண்டு, ஒன்றின் பெயர் ‘பஞ்சாப்’. (பங்க்ராவை எதிர்பார்க்க வேண்டாம்.) சிம்ஸ் எதையும் அவசரமில்லாமல் பாடுகிறவர், ஆடம்ஸ் வெட்டுகிறவர், சேருமா என்று தோன்றும், சேர்கிறது. ‘தி ஸ்டார்-கிராஸ்ட் லவர்ஸ்’ மட்டுமாவது கேளுங்கள். எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதியது. வேகம், வெட்டு எதுவும் இல்லாத இடத்தில் அவர் ஒலி எவ்வளவு அகலம் என்பது இங்கேதான் தெரியும். இந்த ஆல்பம் ஏன் எல்லார் பட்டியலிலும் இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயங்களில் ஒன்று.

1977-இல் அந்தக் குழுவை விட்டு விலகித் தனியாக இறங்கினார். 1978-இல் ‘ரிஃப்ளெக்டரி’, 1980-இல் ‘தி மாஸ்டர்’, 1981-இல் ‘அர்பன் ட்ரீம்ஸ்’. மூன்றிலும் பாஸ் ஜார்ஜ் ம்ராஸ். இவற்றோடு 1973-இல் லண்டனில் பதிவான ‘எஃபெமெரா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் அவர் எழுதிய ஓர் உருப்படியின் பெயர் ‘சிவிலைசேஷன் அண்ட் இட்ஸ் டிஸ்கன்டென்ட்ஸ்’, ஃப்ராய்டின் நூல் தலைப்பு. வாசிப்பவர் மட்டுமல்ல, படிப்பவரும்கூட. மொத்தம் நாற்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார். தனிக் குழு நடத்திய இந்த ஆண்டுகளில்தான் அவை அதிகம் வெளியே வந்தன.

நேரம் அதிகம் கிடைக்கவில்லை. 1983 டிசம்பரில் சொந்தக் காரே நகர்ந்து கால் நசுங்கியது, பல மாதம் வாசிப்பு நின்றது. 1985-இல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே ஆண்டு ‘தி ஆடம்ஸ் எஃபெக்ட்’ பதிவானது. டெனரில் ஃப்ராங்க் ஃபாஸ்டர், டிரம்ஸில் பில்லி ஹார்ட், பாஸில் ரான் கார்ட்டர். 1986 செப்டம்பர் 10 அன்று நியூயார்க்கில், 55 வயதில் காலமானார். அந்த ஆல்பத்தில் ‘நவ் இன் அவர் லைவ்ஸ்’ என்று அவரே எழுதிய மெதுவான உருப்படி ஒன்று இருக்கிறது. பியானோவில் டாமி ஃப்ளனகன், டெட்ராய்டிலிருந்து கூடவே வந்தவர்.